யார் வாசலில் பஸ் நிற்கும்

மார்ச் 3

பின்கடைக்காரிக்கு,

அன்றைக்கு நூலகத்து மாடிக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் வந்து மாற்றிச் சொல்ல முடியாது. படம் போட்டுக் காட்டிய நகராட்சி அதிகாரிப் பெண். அவளுக்காக ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற வழுக்கைத்தலை. செருப்புக்கடை நெட்டையன். மருந்துக்கடைக்காரர், அவர் பேசவேண்டியதையெல்லாம் தானே பேசிய அவர் சம்சாரம். மூக்குக்கண்ணாடிக்கடை மாப்பிள்ளை. பாத்திரக்கடைப் பெரியவர், வந்தார், தூங்கினார், இருந்தாலும் கணக்கில் சேர்க்கிறேன். நான். அப்புறம் ஜன்னலோரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் ஈ போனாலும் தெரியாதவள் மாதிரி நீ.

நம் மாமனார் கடை ஒரே கடையாக இருந்தது. நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது மெத்தையும் கடைத்தெரு வாசலும் எனக்கு, உறையும் விரிப்பும் பின்தெரு வாசலும் உனக்கு என்று ஆனது. அன்றைக்கு உன் மூஞ்சி போன போக்கு எனக்கு மறக்கவில்லை. முன்வாசலில் கார் வந்து நிற்கும், மெத்தையை மேலே வைத்துக் கட்டுவார்கள், போவார்கள். உன் பக்கம் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. இப்போது பார். அந்த அதிகாரிப் பெண் வந்து, கடைத்தெருவில் இனிமேல் கார் கிடையாது, எல்லோரும் நடக்கத்தான் வேண்டும், மின்சார பஸ் பின்தெருவில் ஓடும், நிறுத்தம் உன் வாசலில் என்கிறாள்.

நான் எழுந்து கேட்டேன். உன் காதிலும் விழுந்திருக்கும். "ஏம்மா, மெத்தை வாங்கினவ அதைத் தலையில வச்சுக்கிட்டு பஸ்ல ஏறுவாளா?" எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் விழித்துக்கொண்டு எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரக்கு வண்டிக்குக் காலையில நேரம் ஒதுக்கியிருக்கோம்மா" என்றாள்.

"கூட்டம் பூரா பின்தெருவுல இறங்கிட்டா என் கடைக்கு எவ வருவா?"

"நடந்து வருவாங்கம்மா. படத்தைப் பாருங்க."

பார்த்தேன். இன்னும் சில வருஷத்தில் நம் இடம் எப்படி இருக்கும் என்று வரைந்திருந்தார்கள். உன் கடை பளபளவென்று இருக்கிறது. கையில் பையோடு ஒரு பெண்பிள்ளை உள்ளே நுழைகிறாள். என் கடை எங்கே என்று தேடினேன். என் கடை இருக்கிற இடத்தில் ஒரு மரம் வரைந்திருக்கிறது. மரம்! கிளையெல்லாம் போட்டு, இலையெல்லாம் போட்டு.

உனக்கு முன்பே தெரியும். தெரியாமல் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது.

பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் ஆள் வைத்து எண்ணுவார்களாம், எத்தனை கார் நிற்கிறது, எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று. அதற்கப்புறம்தான் முடிவாம். எண்ணட்டும்.

முன்கடை

---

மார்ச் 7

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு நீ தபால்தலை ஒட்டி அனுப்புகிறாய். அது ஊரெல்லாம் சுற்றி, முத்திரை வாங்கி, நாலு நாள் கழித்து என் கைக்கு வருகிறது. தபால்காரர் கொடுக்கும்போது சிரிக்கிறார். "செவுத்துல தட்டினா கேக்குமேம்மா" என்றார். கேட்கும்தான். நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. டாக்டரிடம் போனாயா?

படத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னைப் போலத்தான் நானும் அன்றைக்குப் பார்த்தேன். உன் கடைமேல் மரம் இருந்ததை நானும் கவனித்தேன். சிரிப்பு வந்தது, அதனால்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. வரைந்தவன் எவனோ சின்னப் பையன். அவனுக்கு மெத்தை வரையத் தெரிந்திருக்காது, மரம் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ நிறுத்தத்தைப் பார்த்தாய். நான் அந்தப் பெண் சொன்ன மற்றதையும் கேட்டேன். இப்போது மெத்தையைச் சுருட்டி, பெட்டியில் அடைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கார் இருக்கிறவர்களே கடைக்கு வருவதில்லை. தெருவில் ஆள் நடமாடினால்தான் யாராவது எட்டிப் பார்த்து, ஒரு தடவை உட்கார்ந்து பார்த்து வாங்குவார்கள். இது எனக்கு நல்லது என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு நல்லதுதான். இல்லையென்று சொன்னால் நம்பமாட்டாய்.

பேச வேண்டுமென்றால் வா. சுற்றி வர இரண்டு திருப்பம்தான். முட்டி வலி என்றால் நான் வருகிறேன்.

தங்கை

---

மார்ச் 11

பின்கடைக்காரிக்கு,

வராதே. என் முட்டி நன்றாக இருக்கிறது.

சுவர் ஏன் வந்தது என்று மறந்துவிட்டாயோ? மாசமாக இருந்த ஒரு பெண் புருஷனோடு வந்தாள். என் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தாள், படுத்துப் பார்த்தாள், எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியும்விட்டாள். உறை வாங்க உன் பக்கம் போனவளிடம் நீ என்ன சொன்னாய்? "அக்கா மெத்தை கொஞ்சம் கட்டி." கட்டி! அவள் அப்படியே உன் வாசல் வழியாகப் போனவள்தான். அந்தப் பிள்ளை இந்நேரம் பள்ளிக்கூடம் போகும். என் மெத்தையில் படுக்காமல் வளர்ந்த பிள்ளை. எனக்கு மறக்கவில்லை.

டாக்டரைப் பற்றி நீ கேட்காதே. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததில்தான் என் பள்ளிக்கூடம் போயிற்று. நீ பத்தாவது வரைக்கும் படித்தாய். அந்த அதிகாரிப் பெண் சொன்னது உனக்குப் புரிகிறது, எனக்கு நிறுத்தம் மட்டும்தான் தெரிகிறது. அப்படித்தானே எழுதியிருக்கிறாய்? என் எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

எண்ண வருகிறவர்கள் வரட்டும். நான் கடை கடையாகப் போய்ப் பேசிவிட்டேன். நெட்டையன் என் பக்கம். கண்ணாடிக்கடை மாப்பிள்ளை மாமனார் காரையும் கொண்டுவருகிறேன் என்றான். மருந்துக்கடை சம்சாரம், "அக்கா, நீங்க சொல்லிட்டீங்கள்ல, விடுங்க" என்றாள். பார், ஊரில் என்னை அக்கா என்று கூப்பிடவும் ஆள் இருக்கிறது.

வேடிக்கை பார்.

முன்கடை

---

மார்ச் 24

பின்கடைக்காரிக்கு,

பார்த்தாயா? பார்த்திருப்பாய். இரண்டு திருப்பம்தானே.

திங்கள் விடிவதற்குள் எங்கள் தெருவில் ஊசி நுழைய இடமில்லை. நெட்டையன் தன் கார், தம்பி கார் இரண்டையும் கொண்டுவந்து போட்டான். மருந்துக்கடை வேன். மாப்பிள்ளை சொன்னபடி மாமனார் காரோடு வந்தான். பாத்திரக்கடைப் பெரியவரின் காரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தோம். அது ஓடாது. ஆனால் நிற்கும். நிற்பதுதானே வேண்டும்? என் வாசலில் என் மகனின் கார். அவன் வேலைக்கு நடந்து போனான். முணுமுணுத்தான். பரவாயில்லை, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று உன் அதிகாரிப் பெண்ணே சொல்கிறாள்.

ஒரு வாரமும் அசையவிடவில்லை. எண்ணுகிற பையன்கள் இரண்டு பேரும் வந்து வந்து பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். நான் ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்து, "நல்லா எண்ணிக்கங்கப்பா, ஒண்ணும் விட்டுடாதீங்க" என்றேன். ஒருவன் கேட்டான், "எப்பவும் இப்படித்தான் இருக்குமா பாட்டி?" "இதென்ன, சனிக்கிழமை வந்து பாரு" என்றேன். சனிக்கிழமையும் அப்படியேதான் இருந்தது.

பின்தெருவுக்கும் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்தேன். ஒரு சைக்கிள். உன் வாசலில் நீ. அவ்வளவுதான். நீ என்னைப் பார்க்காத மாதிரி உறையை மடித்துக்கொண்டிருந்தாய். ஏற்கெனவே மடித்த உறை அது.

முன்கடை

---

மார்ச் 28

அக்காவுக்கு,

உறை மடித்ததுதான். கையை வைத்துக்கொள்ள வேறு வேலை இல்லை.

நீ இப்போது சந்தோஷமாக இருக்கிறாய். அதைக் கெடுக்க மனசில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா, அந்தப் பையன்கள் கார் எத்தனை என்று மட்டும் எண்ணவில்லை. வண்டி நம்பரையும் எழுதிக்கொண்டார்கள். காலையில் நின்ற அதே கார் மதியமும் நிற்கிறது, சாயங்காலமும் நிற்கிறது, ஒரு வாரமும் நிற்கிறது. வாங்க வருகிறவள் ஒரு வாரமா காரை நிறுத்திவிட்டு மெத்தை பார்ப்பாள்? பாத்திரக்கடைக்காரர் கார் கண்ணாடியில் தூசி படிந்து, அதில் யாரோ விரலால் பூ வரைந்திருந்தார்கள். நானே பார்த்தேன். ஆமாம், நானும் ஒரு நடை வந்தேன்.

உண்மையாகவே வாங்க வந்த இரண்டு மூன்று பேர் நிறுத்த இடமில்லாமல் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் என் வாசலில் நிறுத்தி, "முன்னாடி மெத்தைக்கடை தெறந்திருக்கா?" என்று கேட்டார். திறந்திருக்கிறது என்றேன். கட்டி என்று சொல்லவில்லை.

நேற்று அந்த அதிகாரிப் பெண் என் கடைக்கு வந்தாள். தலையணை உறை பார்க்கிற மாதிரி வந்தாள். உறை பார்க்க வரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். முன்தெருவைப் பற்றிக் கேட்டாள். நான் உங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு வேறு ஒன்று கேட்டாள். நானும் பதில் சொன்னேன். அது என்னவென்று இப்போது வேண்டாம்.

இருமல் குறைந்திருக்கிறது. கேட்டேன்.

தங்கை

---

ஏப்ரல் 22

பின்கடைக்காரிக்கு,

இனிமேல் யார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்?

முதலில் கெட்டது சொல்கிறேன். கார் போயிற்று. "இங்க நிக்கிற வண்டி எல்லாம் கடைக்காரங்களோடதுதான். வாங்க வர்றவங்களுக்கு இந்த இடம் பயன்படல" என்று அந்தப் பெண் நேற்றுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்தாள். நெட்டையன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நல்லா சொன்னீங்கக்கா, அசைக்காதீங்கன்னு." மருந்துக்கடை சம்சாரத்துக்கு அக்கா என்ற வார்த்தை திடீரென்று மறந்துபோயிற்று. நீ சொன்னபடியே ஆயிற்று, அதற்காக நீ சந்தோஷப்பட்டுக்கொள்.

ஆனால் அதற்கப்புறம் அவள் சொன்னதை நீயும் கேட்டாய். கார் எல்லாம் எடுத்துவிட்டால் கடைத்தெரு அகலம். அகலமான தெருவில் பஸ் விடலாம். அதனால் பஸ் பின்தெருவில் இல்லை. முன்தெருவில். நிறுத்தம் என் வாசலில். என். வாசலில். மரம் வரைந்த அதே இடத்தில்.

நீ கை தட்டினாய். பார்த்தேன். எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க நீ ஒருத்தி தட்டினாய். வயிறு எரிகிறவர்கள்தான் முதலில் தட்டுவார்கள், எரிச்சல் வெளியே தெரியக் கூடாது என்று. எனக்குத் தெரியாதா? உன் மகன் வேலைக்குப் போன வருஷம் நான்கூடத்தான் உனக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். என் மெத்தை கட்டியே இல்லை.

முன்கடை

---

ஜூன் 30

அக்காவுக்கு,

முதல் பஸ் உன் வாசலில் நின்றபோது நானும் கூட்டத்தில் நின்றேன். நீ வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, டிரைவரை உன் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி பார்த்தாய். நன்றாக இருந்தது.

நீ வாசலோரம் போட்டிருக்கிற மெத்தையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் வந்து வந்து உட்காருகிறார்களாமே? திட்டாதே. உட்கார்ந்தவர்களில் பத்தில் ஒருத்தி விலை கேட்பாள்.

தங்கை

---

ஆகஸ்ட் 9

பின்கடைக்காரிக்கு,

உண்மையைச் சொல்.

நீ எழுதியபடி உட்காருகிறார்கள், விலை கேட்கிறார்கள், வாங்கவும் வாங்குகிறார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆடிமாதக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் சரக்கு வண்டி வீட்டில் கொண்டுபோய்ப் போடுகிறது. அதையெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை.

இன்று அந்த அதிகாரிப் பெண்ணே பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் உட்காரச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். "பாத்தீங்களாம்மா, யார் வாசலுக்கு எது வரணுமோ அது வரும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "எல்லாம் உங்க தங்கச்சியாலதாம்மா" என்றாள்.

"அவளால என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா? நாங்க பின்தெருவுலயேதான் வைக்கிறதா இருந்தோம். அவங்கதான் எனக்கு வேணாம், முன்னாடி வைங்கன்னாங்க."

அவளிடம் தெரியும் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

இப்போது நீ சொல். மார்ச்சில் எழுதினாயே, வேறு ஒன்று கேட்டாள், பதில் சொன்னேன் என்று. என்ன கேட்டாள்? நீ என்ன சொன்னாய்?

முன்கடை

---

ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

நீ கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டாய்.

அவள் கேட்டது இதுதான்: "முன்னாடி கார் எடுத்துட்டா அங்கயும் பஸ் விடலாம். ஆனா உங்க வாசல்லதான்னு முதல்ல சொல்லியிருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?" நான் யோசிக்க நேரம் கேட்கவில்லை. முன்னாடி வையுங்கள் என்றேன். பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதே. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். உறை வேண்டுமென்றால் ஒருத்தி இரண்டு திருப்பம் நடந்து வருவாள், ஒரு கையில் எடுத்துக்கொண்டு போவாள். மெத்தைக்கு எவளும் திருப்பம் திரும்பமாட்டாள். பஸ் என் வாசலில் நின்றால் உன் கடை இரண்டு வருஷம் தாங்காது. உன் கடை போனால் உறை வாங்க எவள் வருவாள்? அது ஒன்று.

இன்னொன்று. எனக்குப் பொறாமை இல்லை என்று நினைக்கிறாயா? வெயில் எப்போதும் உன் வாசலில்தான் விழும். உன்னை முதலாளியம்மா என்பார்கள், என்னைப் பின்கடை என்பார்கள். நீயும் அப்படித்தான் எழுதுகிறாய். மாமியார் கடைசியில் படுத்திருந்தபோது மூன்று மாதம் அள்ளிக் கொட்டியது நான். கண்ணை மூடும்போது அவர் தேடியது உன் கையை. அந்த நிறுத்தம் என் வாசலுக்கு வரும் என்று படத்தில் பார்த்தபோது, அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவையாவது இவள் என்னைப் பார்த்து எரியட்டும் என்றுதான் இருந்தது. எரிந்தாய். நூலகத்திலேயே எரிந்தாய். நன்றாக இருந்தது. ஆனால் அது ஒரு வாரத்துக்குமேல் ருசிக்கவில்லை. நீ ஸ்டூல் போட்டு ஓடாத காருக்குக் காவல் உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

திட்டு. நேரில் வந்து திட்டினாலும் சரி.

தங்கை

---

ஆகஸ்ட் 20

பின்கடைக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பேத்தியை விட்டு ஒரு தடவை படிக்கச் சொன்னேன், நானாக இரண்டு தடவை படித்தேன்.

திங்கள்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன், வேறு எப்படிப் போவது? அந்தப் பெண் எழுந்து நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. "அந்த நிறுத்தத்தை எடுத்துப் பின்தெருவுல வையுங்க" என்றேன்.

"ஏம்மா, வியாபாரம் சரியில்லையா?"

"நல்லா இருக்கு."

"சத்தமா? புகையா? அது மின்சார பஸ்ஸாச்சே."

"ஒரு தொந்தரவும் இல்ல."

"அப்புறம் ஏம்மா நிறுத்தம் வேணாங்கறீங்க?"

"நிறுத்தம் வேணாங்கல. அவ குடுத்தது வேணாம்."

"கம்பம் ஊனி சிமெண்ட் போட்டாச்சும்மா. இனி யாராலயும் பிடுங்க முடியாது" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, திரும்பவும் அதே பஸ்ஸில் வந்து என் வாசலிலேயே இறங்கினேன். கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அதுவும் நீ கொடுத்ததுதான்.

எண்ணி வாங்கியதென்றால் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடலாம். சண்டை போட்டு வாங்கியிருந்தால் தலை நிமிர்ந்து வைத்துக்கொண்டிருப்பேன். நீ ஜெயித்து, நான் தோற்று, உன் வாசலில் கூட்டம் அலைமோதி, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து எரிந்துகொண்டே செத்திருந்தாலும் எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். இப்போது காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே உன் முகம்தான் நிற்கிறது. மெத்தையில் எவளாவது வந்து உட்கார்ந்தால், இவளும் அவள் அனுப்பியவள்தான் என்று தோன்றுகிறது. விற்றால் சந்தோஷம் வருகிறது. வந்த உடனே கசக்கிறது.

அதனால் ஒன்று செய்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் உறை கேட்டால், கேட்காவிட்டாலும், மெத்தையைக் கட்டி முடித்ததும், "பின்னாடி போங்க, உறை அங்கதான், வேற எங்கயும் வாங்காதீங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். கூட்டம் வருகிறதா இல்லையா? வருகிறது. சுவர் வழியாகக் கேட்கிறது. அது அன்பு இல்லை. கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாமியார் என் கையைத் தேடினார் என்று எழுதியிருக்கிறாய். நீ அன்றைக்கு மருந்து வாங்க வெளியே போயிருந்தாய். அவர் பிடித்துக்கொண்டு உன் பெயரைத்தான் சொன்னார். கை மட்டும்தான் என்னுடையது. இத்தனை வருஷம் சொல்லவில்லை. உனக்கு அது கிடைக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. இப்போது எடுத்துக்கொள். அதற்கு இது சரியாகப் போயிற்று.

நெட்டையன் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை, அவனை மன்னித்துவிட்டேன். மருந்துக்கடை சம்சாரத்தை மன்னித்துவிட்டேன். என் கடையைப் படத்தில் காணாமல் செய்த பையனைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதிகாரிப் பெண் தண்ணீர் கொடுத்தாள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஒருத்தியை மட்டும் மன்னிக்கமாட்டேன். கேட்காமல் எனக்குக் கொடுத்தவள். கொடுத்துவிட்டுக் கை தட்டியவள். கட்டையில் போகும்வரைக்கும் மன்னிக்கமாட்டேன். யார் கேட்டாலும் அவள் யாரென்று சொல்வேன்.

என் தங்கை.